15 பைசாவும் ஒரு மஸ்டர் ரோலும்

1985-இல் ராஜீவ் காந்தி ஒரு வார்த்தை சொன்னார். வறட்சியில் காய்ந்து கிடந்த ஒடிசாவின் களஹண்டிப் பக்கம் போனபோது சொன்னதாகச் சொல்வார்கள். ஏழைகளுக்காக அரசு செலவழிக்கும் ஒரு ரூபாயில் 15 பைசாதான் அவர்களிடம் போய்ச் சேருகிறது என்று. நாற்பது வருஷம் ஆகிறது. டீக்கடைப் பேச்சிலிருந்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை இந்த 15 பைசா இன்றைக்கும் புழங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வாக்கியத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு உறுத்தல் உண்டு. அந்த 15 என்ற எண்ணை யார் எண்ணிப் பார்த்தார்கள்? நாட்டின் பிரதமரே 85 பைசாவைக் காணோம் என்கிறார். சரி, எந்த ஊரில்? எந்த வேலையில்? எந்த பில்லில்? அதற்குப் பதில் இல்லை. பதில் இல்லாததால் அந்த வாக்கியத்தால் யாருக்கும் ஆபத்தும் இல்லை. கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். எடுத்தவர்களும் சேர்ந்துதான் ஆட்டியிருப்பார்கள்.

பொத்தாம் பொதுவாகச் சொன்ன இந்த எண், பெயரும் இடமும் உள்ள கணக்காக எப்போது மாறியது? அதைத் தேடிப் போனால் 1990-களின் நடுவில் இரண்டு இடங்களில் போய் நிற்கிறோம். ஒன்று ஆப்பிரிக்காவில் உகாண்டாவின் தொடக்கப் பள்ளிகள். இன்னொன்று ராஜஸ்தானின் சில கிராமங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். ஒன்றுக்கு ஒன்று தெரியாது.

13 சதவீதம்

முதலில் உகாண்டா. அது சுருக்கமான கதை.

1990-களின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசு தொடக்கக் கல்விக்குப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போனது. ஆனால் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியதாகத் தெரியவில்லை. பணம் என்னதான் ஆகிறது? உலக வங்கிப் பொருளியலாளர்கள் சிலர் ஒரு எளிய காரியம் செய்தார்கள். ரித்வா ரெய்னிக்கா என்ற ஃபின்லாந்துக்காரர் அவர்களில் முக்கியமானவர். மேலே நிதித் துறை ‘அனுப்பினோம்’ என்று எழுதிய கணக்கை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, கீழே பள்ளிக்கூடத்துக்கே போய் ‘வந்ததா?’ என்று கேட்டார்கள். 250 பள்ளிகள், 1991 முதல் 1995 வரையிலான கணக்கு.

ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று சம்பளம் தவிர்த்த செலவுகளுக்காக அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கு வந்திருந்தது. அதாவது ரூபாய்க்கு 13 பைசா. ராஜீவ் காந்தியின் குத்துமதிப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல்தான். ஆனால் இது எண்ணிப் பார்த்த எண். அதிலும் 13 என்பது சராசரி. பெரும்பாலான பள்ளிகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. வசதியான பெற்றோர் இருந்த பள்ளிகளுக்குக் கொஞ்சம் அதிகம் வந்தது. அதிகாரியிடம் போய் நின்று கேட்கத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு இல்லை.

பணம் எங்கே நின்றது? நடுவில் மாவட்ட அலுவலகத்தில். ஒரு பகுதி சட்டைப் பைக்குப் போனது, ஒரு பகுதி வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது. தலைமை ஆசிரியர்களுக்கோ பெற்றோருக்கோ இப்படி ஒரு மானியம் இருப்பதே சரியாகத் தெரியாது. தெரியாத பணத்தை எப்படிக் கேட்பது?

இதற்குப் பிறகு உகாண்டா அரசு செய்தது செலவே இல்லாத ஒரு காரியம். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இந்த மாதம் இவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட ஆரம்பித்தார்கள். ‘உனக்கு இவ்வளவு வந்தது’ என்று ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். 2001-இல் மறுபடி எண்ணியபோது 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தது.

செய்தித்தாள் செய்த அதிசயம் என்று இதை உலகம் முழுக்கக் கொண்டாடினார்கள். பிறகு சிலர் நியாயமான கேள்வி கேட்டார்கள். 1997-இல் உகாண்டா இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டு வந்தது. பள்ளியில் பிள்ளைகள் சுமார் 30 லட்சத்திலிருந்து 50 லட்சத்துக்கு மேல் போனார்கள். பணம் அனுப்பும் விதிகளும் இறுகின. நாடே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எல்லாப் புகழும் செய்தித்தாளுக்கே என்றால் எப்படி? நல்ல கேள்விதான். ஆனாலும் செய்தித்தாள் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு மானிய விதிகள் நன்றாகத் தெரிந்திருந்தன, அந்தப் பள்ளிகளுக்குப் பணமும் கூடுதலாக வந்தது என்பதை ஆய்வு காட்டியது. தகவல் மட்டும் போதாது. தகவல் இல்லாமலும் முடியாது.

உகாண்டாவில் கணக்கு மேலிருந்து கீழே வந்தது. அரசு நினைத்தது, ஒட்டியது. நினைக்காத அரசாக இருந்தால்?

கூலி கேட்கப் போன இடத்தில்

ராஜஸ்தானில் கதை கீழே இருந்து ஆரம்பிக்கிறது, அதுவும் கூலியில்.

1987-இல் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் ஒரு மண் வீட்டில் மூன்று பேர் குடியேறினார்கள். அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங். இதில் அருணா ராய் 1946-இல் சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், சிறு வயதில் கலாக்ஷேத்ராவில் கொஞ்ச காலம் படித்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1968-இல் ஐ.ஏ.எஸ். ஆகி, 1970-களின் நடுவில் அதை உதறிவிட்டு வந்தவர். சங்கர் சிங் அந்தப் பக்கத்துக்காரர், பொம்மலாட்டமும் பாட்டும் கேலியுமாக ஒரு கூட்டத்தையே கட்டிப்போடக்கூடியவர். 1990 மே 1 அன்று இவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளர் விவசாயிகள் சக்தி சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அது வறண்ட பூமி. மழை பொய்த்தால் அரசு பஞ்ச நிவாரண வேலை கொடுக்கும். குளம் வெட்டுவது, ரோடு போடுவது, பள்ளிக்கூட அறை கட்டுவது. வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வரவில்லை. ஏன் என்று கேட்டால், ‘நீங்க செஞ்ச வேலை அளவு குறைவு’ என்று பதில். சரி, யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்று எழுதியிருக்கும் மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ஆவணம், ரகசியம், காட்ட முடியாது.

நான் வேலை செய்தேனா என்பதை எழுதிய காகிதம், எனக்கே ரகசியம். இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் எங்கே என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். பத்திரிகைச் சுதந்திரம், ஜனநாயகக் கோட்பாடு எல்லாம் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை.

பந்தலில் படித்த கணக்கு

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். ஒரு பந்தல், ஒரு மைக். எப்படியோ கையில் கிடைத்த பஞ்சாயத்துக் கணக்குகளை ஊர் நடுவே சத்தமாகப் படித்தார்கள். இதற்கு ‘ஜன் சுன்வாய்’ என்று பெயர் வைத்தார்கள். மக்கள் விசாரணை. நடுவர்கள்போல வெளியூரிலிருந்து வழக்கறிஞர்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். குற்றம் சாட்டப்படக்கூடியவர்களுக்கும் அழைப்பு உண்டு, அவர்களும் மைக்கில் பேசலாம்.

நடந்தது எளிமையான விஷயம். இந்தக் கட்டிடம் கட்டி முடிந்தது, செலவு இவ்வளவு என்று காகிதம் சொல்லும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கட்டிடம் அரைகுறையாக நிற்கும். இன்னார் இத்தனை நாள் கல் சுமந்தார் என்று மஸ்டர் ரோல் சொல்லும். அந்த ஆள் எழுந்து, ‘நான் அந்த வேலைக்கே போகலையே’ என்பார். சில பெயர்களுக்கு எழுந்திருக்க ஆள் இல்லை. செத்துப்போனவர்கள். சிலர் ஊரை விட்டே போனவர்கள். அடுத்த நாலைந்து மாதத்தில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா என்று இன்னும் நான்கு இடங்களில் இதே மாதிரி விசாரணைகள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசுப் பணத்துக்குத் தணிக்கை எப்போதும் இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. தணிக்கையாளர் என்ன செய்வார்? ஒரு காகிதத்தை இன்னொரு காகிதத்தோடு ஒப்பிடுவார். பில் இருக்கிறதா, வவுச்சர் இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, கூட்டல் சரியா. எல்லாம் சரியாக இருந்தால் டிக் அடித்துவிட்டுப் போவார். அவர் மேல் குற்றம் இல்லை. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குக் கோட் கிரானாவில் இன்னார் செத்துப்போனது எப்படித் தெரியும்? ஊருக்குத் தெரியும். காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டால் கிடைக்காதது, காகிதத்தைச் சுவரோடும் ஆளோடும் ஒப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது. அதற்கு எழுதப் படிக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். யாராவது ஒருவர் சத்தமாகப் படித்தால் போதும்.

நகல் எடுக்கலாமா, கூடாதா?

சத்தமாகப் படிக்கக் கையில் நகல் வேண்டும். அடுத்த சண்டை முழுக்க நகலைப் பற்றியது. ஜெராக்ஸுக்காக ஒரு மக்கள் இயக்கமா என்று சிரிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அறிவித்தார்: பஞ்சாயத்து வேலைகளின் கணக்கை மக்கள் பார்க்கலாம், நகலும் வாங்கிக்கொள்ளலாம். அறிவித்ததோடு சரி. ஆணை வரவில்லை. ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு, 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரத்தில் சாங் கேட் என்ற இடத்தில் தர்ணாவில் உட்கார்ந்தார்கள். அப்போது அரசு ஒரு ஆணை போட்டது. ஆவணங்களைப் பார்க்கலாம், ஆனால் நகல் எடுக்கக் கூடாது!

யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலித் தொழிலாளி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து அலுவலகத்துக்குப் போய், குமாஸ்தா முறைத்துப் பார்க்க, நூறு பக்க மஸ்டர் ரோலை ‘பார்த்துவிட்டு’ வர வேண்டும். எதற்கு உதவும் அது? நகல் இருந்தால்தான் கணக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வரும். வெளியே வந்தால்தான் ஊர் நடுவில் படிக்க முடியும். இரண்டு தரப்புக்கும் இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் சண்டை அந்த ஒரே இடத்தில் நின்றது.

பியாவரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, நகரத்து வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் உதவினார்கள். ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’ என்பது முழக்கம். எங்கள் பணம், எங்கள் கணக்கு. அந்தச் சமயத்தில் டெல்லியில் பத்திரிகையாளர்கள் ஒரு கிராமத்துப் பெண்ணிடம் கேட்டார்களாம், அதிகம் படிக்காத உங்களுக்குத் தகவல் உரிமை எதற்கு என்று. அவர் சொன்னதன் சாரம்: பத்து ரூபாய் கொடுத்துப் பையனைக் கடைக்கு அனுப்பினால் வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரைச் சொல்லி அரசு கோடிக்கணக்கில் செலவு செய்கிறது. அதற்குக் கணக்குக் கேட்க மாட்டேனா?

1997-இல் ஜெய்ப்பூரில் இன்னொரு நீண்ட தர்ணா. 53 நாள். அதன் முடிவில் அரசு சொன்ன செய்தியை நாவலில் எழுதினால் நம்ப மாட்டோம். நகல் தருவதற்கான ஆணையை ஆறு மாதம் முன்னாலேயே போட்டுவிட்டோமே என்றார்கள். வெளிப்படைத்தன்மைக்கான ஆணை, வெளியே யாருக்கும் தெரியாமல் அரசிதழில் தூங்கிக்கொண்டிருந்தது.

(அதே 1997-இல் தமிழ்நாடு தகவல் உரிமைக்கென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலங்களில் அதுதான் முதல் சட்டம். ஆனால் எதையெல்லாம் தர வேண்டாம் என்ற விலக்குப் பட்டியல் அதில் ரொம்ப நீளம். கீழே இருந்து யாரும் இழுக்காமல் மேலே இருந்து வந்த சட்டம் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.)

நகல் கைக்கு வந்ததும் என்ன ஆச்சு? 1998 ஜனவரியில் குக்கர்கேடா என்ற ஊரில் விசாரணை நடந்தபோது, ஊராட்சித் தலைவர் ஒரு லட்சம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஊர் முன்னால் கணக்கைப் படிக்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. 2000-இல் ராஜஸ்தான் சட்டம் வந்தது. அதை வைத்து ஜனாவத் என்ற ஒரே ஒரு பஞ்சாயத்தின் கணக்கை வாங்க ஏறக்குறைய ஒரு வருஷம் பிடித்தது. 2001 ஏப்ரலில் அதைப் படித்தார்கள். பிறகு அரசே அமைத்த விசாரணைக் குழு கண்டுபிடித்த முறைகேடு சுமார் 70 லட்சம் ரூபாய். ஒரு பஞ்சாயத்தில். அதில் காகிதத்தைத் தவிர வேறு எங்கும் கட்டப்படாத வேலைகளும் அடக்கம்.

உத்திரமேரூர்க்காரர்கள் கேட்கலாம்

இதைப் படிக்கும்போது நம் ஆட்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வரும். வரட்டும், அது சரியான ஞாபகம்தான்.

முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் அவை. குடவோலையில் யார் பெயரைப் போடலாம், யார் பெயரைப் போடக் கூடாது என்று விரிவாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டும் இல்லை, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. உறவுமுறைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறது கல்வெட்டு. ‘மச்சினன் பெயரில் நிற்கிறேன்’ என்ற வேலை ஆயிரம் வருஷம் முன்னாலும் இருந்திருக்கிறது என்று அதிலிருந்தே தெரிகிறது.

பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அதே கல்வெட்டைக் கொஞ்சம் கூடப் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். அது ஒரு பிரம்மதேயத்தின் சபை. கணக்கு காட்டப்பட்டது, ஆனால் சபைக்குள் ஒருவருக்கொருவர். ஏரியைத் தூர்வாரிய கூலிக்காரனுக்கு ஏரி வாரியத்தின் கணக்கைக் கேட்கும் இடம் அதில் இல்லை.

பழைய சபைகளிலும் கணக்கு இருந்தது, காலனி அரசிலும் இருந்தது, சுதந்திர இந்தியாவிலும் இருந்தது. யாரிடம் காட்டுவது என்பதில்தான் வித்தியாசம். மேலே உள்ளவரிடம் காட்டுவதா, கூட இருப்பவரிடம் காட்டுவதா, அல்லது யாருக்காகச் செலவு செய்ததாக எழுதியிருக்கிறதோ அவரிடமே காட்டுவதா? கோட் கிரானாவில் புதிதாக நடந்தது அந்த மூன்றாவது.

சட்டம் வந்த பிறகு

2005-இல் மத்திய தகவல் உரிமைச் சட்டம் வந்தது, அக்டோபர் 12 முதல் அமலுக்கும் வந்தது. அதே வருஷம் இயற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேலைகளை கிராம சபை ‘சமூகத் தணிக்கை’ செய்ய வேண்டும் என்றது. பந்தலில் நடந்தது சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டது. ஆந்திரா அதைப் பெரிய அளவில் செய்தது, தனி அமைப்பே வைத்தது. 2017-இல் மேகாலயா சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் போட்ட முதல் மாநிலம் ஆனது.

பிரச்சினை தீர்ந்ததா? பாதிதான். ஆந்திரத் தணிக்கைகள் முறைகேட்டைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தன. ஆனால் கண்டுபிடித்த பணத்தில் சிறு பகுதிதான் திரும்பி வந்தது. தப்பு செய்தவர்களில் வேலை இழந்தவர்கள் அபூர்வம். படிப்பது ஊர், தண்டிப்பது துறை. துறைக்கு மனசு வரவில்லை என்றால் ஊர் என்ன செய்யும்? இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு, ‘எத்தனை தடவைதான் படிக்கிறது’ என்று ஊரும் சலித்துப்போகும். இன்னொரு பக்கம், தகவல் கேட்டதற்காகவே இந்த நாட்டில் ஆட்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். நகல் ஆபத்தானது என்று புரிந்துகொண்டவர்கள் ராஜஸ்தான் அரசு மட்டும் இல்லை.

சாய்தளம் இருக்கிறது, ஏற முடிகிறதா?

சரி, இன்றைக்கு வருவோம். பள்ளிக்கூடமும் வீடும்.

2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவு: அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. 2018-இல் வந்த சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை கூட்டு மானியம் உண்டு. உங்கள் தெருப் பள்ளிக்கு இந்த வருஷம் எவ்வளவு வந்தது? எந்த மாதத்தில் வந்தது? மாதம் முக்கியம். மானியம் எப்போது கைக்கு வருகிறது என்று வருஷா வருஷம் பார்த்த ‘பைசா’ என்ற ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னது, நிதியாண்டின் பாதி தாண்டியும் பல பள்ளிகளுக்குப் பணம் வருவதில்லை என்பது. ஜூனில் வேண்டிய சாக்பீஸுக்கு மார்ச்சில் பணம் வந்தால், கணக்கில் அது வந்த பணம்தான். வகுப்பில் அது வராத பணம்.

வீட்டுக்கு வந்தால், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37-ஆம் பிரிவு, அரசு வீட்டுத் திட்ட ஒதுக்கீட்டில் அவர்களுக்கு 5 சதவீதம் என்கிறது. பிரதமர் வீட்டுத் திட்டத்தில் கிராமத்து வீடு ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து, இடக் குறியீட்டோடு ஏற்றப்படுகிறது. நல்ல முன்னேற்றம்தான், இல்லாத வீட்டுக்குப் பணம் எடுப்பது கஷ்டம். ஆனால் போட்டோவில் சுவர் தெரியும். சக்கர நாற்காலி அந்த வாசலில் நுழையுமா, கழிப்பறைக்குள் திரும்புமா என்பது தெரியாது.

பள்ளிச் சாய்தளமும் அப்படித்தான். நாடு முழுக்கப் பள்ளிகளில் எடுக்கும் யூடைஸ் கணக்கெடுப்புப் படிவம் கேட்பது, சாய்தளம் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா. உண்டு, இல்லை. சாய்தளத்துக்கு ஒரு விகிதம் இருக்கிறது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பள்ளி வராந்தா இரண்டு அடி உயரம் என்றால் 24 அடிச் சாய்தளம் வேண்டும். அதை ஆறடியில் கட்டினால் அது சறுக்குமரம். படிவத்தில் அது ‘உண்டு’. கணக்கும் நேராகிவிடும், பில்லும் பாஸாகிவிடும். அந்தச் சாய்தளத்தை யார் தணிக்கை செய்ய முடியும்? அதில் ஏற வேண்டிய பிள்ளைதான். கோட் கிரானாப் பந்தலில் நடந்ததும் இதுதானே.

பெயர் இல்லாத பட்டியல்

கடைசியாக ஒன்று. மக்கள் விசாரணையின் உயிர் பெயரில் இருக்கிறது. ‘கூலி 4,000 ஆள்நாள்’ என்று படித்தால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ‘இன்னார் மகன் இன்னார், 12 நாள்’ என்று படித்தால்தான் ஒருவர் எழுந்து ‘நான் போகலையே’ என்பார்.

2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவைத் திருத்துகிறது. முன்பு தனிநபர் தகவலாக இருந்தாலும், பொது வேலையோடு சம்பந்தம் இருந்தாலோ பொது நலன் பெரிது என்றாலோ தர வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. திருத்தம் அதை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றால் விலக்கு என்று சுருக்கிவிட்டது. பொது நலனுக்காகத் தர வழிசெய்யும் 8(2) இன்னும் இருக்கிறதே என்கிறது அரசு. இருக்கிறது. ஆனால் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்று நமக்குத் தெரியாதா? மஸ்டர் ரோலில் இருப்பது முழுக்கத் தனிநபர் பெயர்கள்தான். வீடு கிடைத்தவர்களின் பட்டியலும் அதேதான்.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். ஏழைக்கும் அந்தரங்கம் உண்டு. ஒருவருக்கு என்ன ஊனம், என்ன நோய் என்பதையெல்லாம் மைக்கில் படிப்பது நியாயம் இல்லை. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் சுவரில் ஒட்டுவது முட்டாள்தனம். ஆனால் இதைப் பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. யாருக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு என்பது பொதுக் கணக்கு. மற்றது அவர் சொந்த விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘தனிநபர் தகவல்’ என்று சீல் வைத்தால் ஏழையின் அந்தரங்கத்தைவிட, அவர் பெயரில் பணம் எடுத்தவருக்குத்தான் அதிகப் பாதுகாப்பு.

தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலான இடங்களில் தீர்மானங்களைக் கடகடவென்று படித்துக் கையெழுத்து வாங்கிவிட்டு முடித்துவிடுகிறார்கள். போகிறவர்கள் பெரிய கேள்வி எதுவும் கேட்க வேண்டாம். இந்த வருஷம் நம் ஊரில் வீடு ஒதுக்கினவர்கள் பட்டியலைப் பெயரோடு மெதுவாகப் படியுங்கள் என்று கேட்கலாம். பள்ளிக்கு வந்த மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, எதற்குப் போனது என்று கேட்கலாம். படித்ததற்கு ஒரு நகல் கேட்கலாம். நகல் கேட்டதும் மேடையில் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பியாவரில் 40 நாள் எதற்காக உட்கார்ந்தார்கள் என்பது அப்போது புரியும்.